ரைடிங் மோவர் ஓடி ஓடி நிற்கிறதா? எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்

ஏப்ரல் வந்து புல் கணுக்காலைத் தாண்டும்போது அமெரிக்காவில் எத்தனையோ கராஜ்களில் இந்தப் பாடு தொடங்கிவிடும். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த ரைடிங் மோவர், அதாவது உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டி, ஸ்டார்ட் ஆகும். ஐந்து நிமிடம் ஓடும். அப்புறம் நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். கையில் காசு இருப்பவர்கள் புது பேட்டரி, புது பிளக், புது கார்புரேட்டர் என்று வரிசையாக வாங்கி மாட்டிப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது: இன்ஜின் எப்படிச் சாகிறது என்று காது கொடுத்துக் கேட்பது.

விளக்கை அணைத்தமாதிரி ஒரு தடுமாற்றமும் இல்லாமல் பட்டென்று நின்றால் கோளாறு கரண்டில். இழுத்து இழுத்து, வேகம் ஏறி இறங்கி, இருமித் திணறி நின்றால் பெட்ரோலில். பெட்ரோலைத் திறந்து மூடும் சொலினாய்டு மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அது கரண்டில் இயங்குவது. ஆனால் அது மூடிக்கொண்டால் இன்ஜின் ஓரிரு விநாடி திணறிவிட்டுத்தான் நிற்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த துப்பு, எந்த நேரத்தில் நிற்கிறது என்பது. பாதி சோக்கில் ஓடிக்கொண்டிருந்து, சோக்கைத் திறந்ததும் நிற்கிறதா? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் அடைப்பு, அல்லது எங்கோ காற்று உள்ளே நுழைகிறது. அரை மணி நேரம் அருமையாக ஓடி, நின்று, ஆறியபின் மறுபடி ஓடுகிறதா? டேங்க் மூடியையும், பிளக்குக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலையும் சந்தேகப்படுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்த நொடியில் நிற்கிறதா? சீட் ஸ்விட்ச். ப்ளேடைப் போட்டுக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் நிற்கிறது என்றால், அது கோளாறே இல்லை. பின்னால் குழந்தை நிற்கலாம் என்பதற்காகப் பல மாடல்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். முதல்முறை வண்டி வாங்கியவர்கள் இதற்காகவே மெக்கானிக்கைக் கூப்பிடுவது உண்டு.

கை வைப்பதற்கு முன் இரண்டு விஷயம். ப்ளேடு பக்கம் கை போகும் எந்த வேலைக்கும் முதலில் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். பெட்ரோலைத் திறக்கும் வேலையைக் கராஜுக்குள் செய்யாதீர்கள். இங்கே பல வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் கராஜில்தான் இருக்கும். அதன் அடியில் எரியும் சின்னச் சுடருக்குப் பெட்ரோல் ஆவி போதும். வண்டியை டிரைவ்வேயில் தள்ளிவிட்டு, இன்ஜின் நன்றாக ஆறியபிறகு தொடங்குங்கள்.

பெட்ரோல் பக்கம்

டேங்க்கில் இருப்பதைக் கொஞ்சம் கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். புதுப் பெட்ரோல் தெளிவாக, மூக்கைத் துளைக்கும் வாசனையோடு இருக்கும். பழசு மஞ்சளேறி, வார்னிஷ் மாதிரி நாறும். பத்து நிமிடம் ஆடாமல் வைத்தால், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனிப் படலமாக இறங்கிவிடும். அமெரிக்காவில் பெட்ரோல் பங்க்குகளில் வருவது பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் போனால், அதாவது ஏறத்தாழ அரை சதவீதத்தைத் தொட்டால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ஒரு கேலனுக்கு நாலு டீஸ்பூன் தண்ணீர்தான் அந்த அளவு. டேங்க்கிலிருந்து பெட்ரோல் வெளியேறும் வாய் அடியில் இருப்பதால் இன்ஜினுக்கு முதலில் போவது அந்தக் கலங்கல்தான். அப்படிப் பிரிந்த பெட்ரோலை, பெட்ரோல் கெடாமல் இருக்கக் கலக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றிக் காப்பாற்ற முடியாது. மொத்தத்தையும் இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுவதே வழி. 15 சதவீத எத்தனால் என்று எழுதியிருக்கும் பங்க் பக்கம் மோவருக்காகப் போகவே வேண்டாம். அது 2001 மாடலும் அதற்குப் பிந்தையவையுமான கார்களுக்கு அனுமதித்தது. சின்ன இன்ஜின்களுக்குச் சட்டப்படியே கூடாது.

பெட்ரோல் நன்றாக இருந்தால் டேங்க் மூடிக்கு வாருங்கள். பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் அந்த அளவுக்குக் காற்று நுழைய வேண்டும். நுழையும் துளை தூசியால் அடைபட்டால் உள்ளே வெற்றிடம் பிடித்துக்கொள்ளும், பெட்ரோல் இறங்காது. வண்டி நின்ற அந்த நிமிடமே மூடியைத் திறந்து பாருங்கள். 'ஸ்ஸ்' என்று காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட்டும் ஆனால் ஆள் அகப்பட்டுவிட்டான். புது வண்டிகள் பலவற்றில் மூடியில் துளை இருக்காது. டேங்க்கிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் கரி நிரப்பிய டப்பாவுக்குப் போகும். அந்த ஹோஸ் மடங்கியிருந்தாலும் இதே கதைதான். டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பினால் பெட்ரோல் அந்தக் கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுத்துவிடும்.

பிறகு ஓட்டத்தைப் பாருங்கள். கார்புரேட்டரில் மாட்டியிருக்கும் பெட்ரோல் ஹோஸைக் கழற்றி ஜாடிக்குள் விடுங்கள். டேங்க் உயரத்தில் இருந்து, பம்ப் இல்லாத வண்டி என்றால் பெட்ரோல் தாரையாக இறங்க வேண்டும். பம்ப் உள்ள வண்டியில் பிளக் ஒயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் விட்டு விட்டுப் பீச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள், பின்னோக்கிப் போங்கள். முதலில் ஃபில்டர். மாற்றும்போது அதன் மேலுள்ள அம்பு கார்புரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். அடுத்து ஹோஸ். இது பலரை ஏமாற்றும். வெளியே புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும், உள்தோல் மட்டும் எத்தனாலில் ஊறிப் பிரிந்து வால்வு மாதிரி மடங்கிக்கொள்ளும். வாயால் ஊதிப் பார்த்தால் ஒரு பக்கம் போகும், மறுபக்கம் போகாது. கால் இன்ச் உள்விட்டமுள்ள பெட்ரோல் ஹோஸை அடி கணக்கில் வெட்டித் தருவார்கள், மொத்தமாக மாற்றிவிடுங்கள். கடைசியாகப் பம்ப். இன்ஜினின் கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி இறங்குவதை ஒரு சின்ன ஹோஸ் வழியாக வாங்கித்தான் அந்தப் பம்ப்பின் டயாஃப்ரம் துடிக்கிறது. அந்த ஹோஸில் விரிசல் இருந்தால் ஹோஸை மாற்றுங்கள், அதற்குள் பெட்ரோல் நனைந்திருந்தால் பம்ப் போய்விட்டது.

கார்புரேட்டரைத் திறக்கும்போது

கார்புரேட்டர் அடியில் கிண்ணம் மாதிரி ஒரு பாகம் தொங்கும், அதன் நடு போல்ட் இருக்கும் இடத்தில் இப்போதெல்லாம் ஒயர் மாட்டிய சொலினாய்டு இருக்கும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் (ஸ்டார்ட் வரை போக வேண்டாம்) அது 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் வருகிறது, சொலினாய்டு அசையவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும். வோல்ட்டே வரவில்லை என்றால் குற்றம் அதன் மேல் இல்லை. ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், ஒயர் என்று மேலே தேடுங்கள். ஓடும்போது மட்டும் விட்டு விட்டு நிற்கும் வண்டிகளில் இந்த ஒயரின் கனெக்டர் தளர்ந்து, அதிர்வில் ஆடிக்கொண்டிருப்பதை நிறையப் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது அந்த ஒயரை மெதுவாக அசைத்தாலே தெரிந்துவிடும். சொலினாய்டின் ஊசியை வெட்டி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. செய்யாதீர்கள். சாவியை அணைத்த பிறகும் பெட்ரோல் உள்ளே போய், சைலன்சரில் துப்பாக்கி வெடிப்பது போல வெடிப்பதைத் தடுக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

கிண்ணத்தைக் கழற்றும் முன் பெட்ரோல் ஹோஸைக் கவ்வி அடைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்துக்குள் இருப்பதைக் கொட்டிவிடாமல் பாருங்கள், நோய் அங்கே எழுதியிருக்கும். அடியில் பச்சையோ பழுப்போ ஒட்டும் பசை இருந்தால் பழைய பெட்ரோல். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி இருந்தால் தண்ணீர் நின்று அலுமினியம் அரித்திருக்கிறது. மெயின் ஜெட் நடுத் தூணில் இருக்கும், பித்தளை. அகலமான, சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால்தான் கழற்ற வேண்டும், வெட்டு சிதைந்தால் பிறகு வராது. கழற்றி வானத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாக, ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறை மாதிரி மங்கலாக இருந்தாலே போதும், அந்த இன்ஜின் சோக் இல்லாமல் ஓடாது.

அடைப்பை எடுக்க ஊசியோ துரப்பணமோ கூடாது. பித்தளை மென்மையானது, துளை நூலளவு பெரிதானாலும் பெட்ரோல் கூடிக் கரும்புகை வரும். பழைய மின்சார ஒயரை உரித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பியில் ஓரிழை போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயைத் துளைக்குள் அடித்து, காற்றால் ஊதுங்கள். ஜெட்டுக்கு மேலே பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் கொண்ட குழாய் ஒன்று இருக்கும், அதையும் இறக்கிச் சுத்தம் செய்யுங்கள். ஐடிலுக்கான, அதாவது இன்ஜின் பாரமில்லாமல் மெதுவாக ஓடுவதற்கான துவாரங்கள் இன்னும் நுண்ணியவை. ஸ்ப்ரேயின் குழலை ஒரு முனையில் வைத்து அழுத்தினால், த்ராட்டில் தகடு பக்கம் மெல்லிய கோடாகப் பீச்ச வேண்டும். பீச்சாத துவாரம் இன்னும் அடைபட்டிருக்கிறது. ஜெட்டை மட்டும் துடைத்துவிட்டு மாட்டுகிறவர்கள் இரண்டு வாரத்தில் திரும்பவும் திறக்க வேண்டியதாகிறது. விட்டுப்போனது பெரும்பாலும் இந்த ஐடில் துவாரங்கள்தான்.

கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட்டின் ஊசி முனையையும் பாருங்கள். ரப்பர் முனையில் மோதிரம் போட்டாற்போல் தடம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அது பெட்ரோலை நிறுத்தாது. முழு கார்புரேட்டரையும் இறக்குவதாக இருந்தால், இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் கம்பிகளும் ஸ்ப்ரிங்குகளும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்று போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துளை தள்ளி மாட்டினாலும் இன்ஜின் வேகம் ஏறி இறங்கி ஊஞ்சலாடும். கேஸ்கெட்டுகளைப் புதிதாகப் போடுங்கள்.

சுத்தம் செய்த பிறகும் பாதி சோக் கேட்கிறதென்றால், கார்புரேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில் காற்று நுழைகிறது. இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்பில் தண்ணீர் தெளிப்பானால் லேசாகத் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் கார்ப் கிளீனரை அடித்துச் சோதிப்பது ஆபத்து.

எதிர்ப் பக்கமும் உண்டு. கரும்புகை விட்டு, பிளக் கரிபிடித்து நின்றால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதோடு டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு கூடியிருந்து பெட்ரோல் வாசனை அடித்தால் ஃப்ளோட் ஊசி இரவெல்லாம் ஒழுகி ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். ஊசியை மாற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் சாவி. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் ஒற்றை சிலிண்டர் இன்டெக் இன்ஜினுக்கு 48 அவுன்ஸ், ஏறக்குறைய 1.4 லிட்டர் பிடிக்கும்.

பட்டென்று நின்றால்

சீட், பிரேக், ப்ளேடு ஆகிய மூன்றுக்கும் ஸ்விட்ச் உண்டு. ஆள் சீட்டில் இல்லாமல் பிரேக் விடப்பட்டாலோ ப்ளேடு போடப்பட்டாலோ இவை காயிலை எர்த் செய்து இன்ஜினை நிறுத்தும். அதனால் சோதனை எளிது. பார்க்கிங் பிரேக் போட்டு, ப்ளேடை அணைத்து, சீட்டில் உட்கார்ந்து ஓட விடுங்கள். நன்றாக ஓடி, பிரேக்கை விட்டதும் செத்தால் நீங்கள் உட்கார்ந்திருப்பதே வண்டிக்குத் தெரியவில்லை. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் நின்றாலும் அதேதான். சீட்டைத் தூக்கி அடியில் பாருங்கள். கனெக்டரின் பித்தளைக் காதுகள் பச்சை பூத்திருக்கும், அல்லது எலி ஒயரைக் கடித்திருக்கும், அல்லது சீட்டின் ஸ்ப்ரிங் தளர்ந்து ஸ்விட்சை முழுசாக அழுத்தாமல் இருக்கும். ஸ்விட்சை மாற்றும் முன் கனெக்டரைச் சுத்தம் செய்து பாருங்கள், பாதி நேரம் அதோடு சரியாகிவிடும்.

எந்த ஸ்விட்ச் என்று பிடிபடவில்லையென்றால் இன்ஜின் காயிலுக்குப் போகும் அணைக்கும் ஒயரை இன்ஜின் பக்கக் கனெக்டரில் பிரித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வண்டி சமதளத்தில், பார்க்கிங் பிரேக் போட்டு, ப்ளேடு அணைத்து நிற்க வேண்டும். இந்த நிலையில் சாவியை அணைத்தாலும் தீப்பொறி நிற்காது. சொலினாய்டு இருந்தால் பெட்ரோல் தீர்ந்து சில விநாடியில் நிற்கும், இல்லையென்றால் சோக்கை மூடி நிறுத்த வேண்டும். இப்போது நிற்காமல் ஓடினால் கோளாறு ஸ்விட்சுகளில். அப்படியும் நின்றால் காயிலோ பெட்ரோலோ. சோதனை முடிந்ததும் ஒயரைத் திரும்ப மாட்டிவிடுங்கள். அந்த ஒயரைப் பிரித்தே விட்டுவிட்டு, அல்லது சீட் ஸ்விட்சைக் கம்பியால் இணைத்துவிட்டுப் புல் வெட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. வண்டி சாய்ந்து ஆள் விழுந்தால் ப்ளேடு சுற்றிக்கொண்டே இருக்கும்.

சூடானபின் மட்டும் சாகும் இன்ஜினுக்கு, பிளக்குக்கும் ஒயருக்கும் நடுவில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள். சின்ன விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். நின்ற உடனே ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். மின்னல் இல்லை, ஆறியபின் திரும்ப வருகிறது, அணைக்கும் ஒயரைப் பிரித்தும் அதே நிலை என்றால் காயில் போய்விட்டது. உள்ளே நுண்கம்பிச் சுற்று சூட்டில் விரிந்து விட்டுப்போகிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. புதுசு மாட்டும்போது, இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் காந்தத்துக்கும் காயிலுக்கும் 0.010 இன்ச் இடைவெளி விடுங்கள். ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் செருகி, காந்தம் இழுத்துப் பிடிக்கும்போதே திருகை இறுக்கினால் போதும். பிளக் இடைவெளி 0.030 இன்ச்.

ப்ளேடு போட்டதும் இன்ஜின் முனகி, இழுத்து நின்றால் அது ஸ்விட்ச் வேலை இல்லை, பாரம். இன்ஜினை அணைத்து, பிளக் ஒயரைக் கழற்றி, கையுறை போட்டு ப்ளேடைச் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் ப்ளேடின் அச்சான ஸ்பிண்டிலின் பேரிங் போயிருக்கிறது. ப்ளேடை மூடியிருக்கும் டெக்கின் அடியில் காய்ந்த புல் கல்லாக இறுகியிருந்தாலும் இப்படித்தான். இன்னொன்று, பாதி த்ராட்டிலில் வெட்டுவது. இன்ஜினைச் சுகமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்துப் பலர் செய்கிறார்கள். இந்த இன்ஜின்கள் முழு வேகத்தில், நிமிடத்துக்கு 3,300 முதல் 3,600 சுற்றுக்குள் ஓட்டவே செய்யப்பட்டவை. பாதி வேகத்தில் பலமும் இல்லை, குளிர்விக்கும் காற்றும் இல்லை.

இத்தனைக்கும் பிறகும் சூட்டில் நின்றால் இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றுங்கள். சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவே புல்லும் எலிக்கூடும் அடைந்திருக்கும். வால்வு இடைவெளியும் சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும். இன்டெக் ஒற்றை சிலிண்டரில் ஆறிய நிலையில், பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கால் இன்ச் இறங்கிய இடத்தில், இன்டேக் 0.003 முதல் 0.005 இன்ச், எக்ஸாஸ்ட் 0.005 முதல் 0.007 இன்ச். வேறு இன்ஜினுக்கு அதன் கையேட்டைப் பாருங்கள். இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ளவற்றில் இந்த வேலையே கிடையாது. மரக்கட்டையில் ப்ளேடு மோதிய நாளிலிருந்து தொல்லை என்றால் ஃப்ளைவீலை அச்சோடு பிணைக்கும் சின்னச் சாவிக்கட்டை பாதி வெட்டுப்பட்டு, தீப்பொறி விழும் நேரமான டைமிங் நகர்ந்திருக்கலாம்.

நவம்பரில் கடைசியாக வெட்டி முடித்ததும் புதுப் பெட்ரோலில் ஸ்டெபிலைசர் கலந்து ஊற்றி, பத்து நிமிடமாவது இன்ஜினை ஓட விடுங்கள். டேங்க்கில் மட்டும் கலந்து நிறுத்திவிட்டால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பழசு அப்படியே நிற்கும். அந்த ஜெட் அடைபடுவது கிண்ணத்தில் தங்கும் சில ஸ்பூன் பெட்ரோலால்தான்.